அஞ்சு வண்டி, பத்து நிமிஷம்

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போய்வந்த நண்பர்களின் பதிவுகளில் ஒரு புலம்பல் தவறாமல் வருகிறது. ஒரே ஒரு சிவிங்கியை (ஒட்டகச்சிவிங்கி இல்லை, சீட்டா) சுற்றி முப்பது வண்டி நின்றது, டிரைவர்களுக்குக் கொஞ்சமும் பொறுப்பில்லை, ரேஞ்சர்களைக் காணவே காணோம் என்று. கூடவே அந்த முப்பது வண்டிக்கு நடுவில் நின்று எடுத்த அருமையான சிவிங்கிப் படமும் இருக்கும். நானும் அப்படி ஒரு கூட்டத்துக்குள் நின்றவன்தான். அந்த டிரைவரைத் திட்டுவது அநியாயம் என்பது என் கருத்து. அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது பின் சீட்டில் இருந்த நாம்.

மாராவில் விதி இல்லாமல் இல்லை. சிங்கம், சிறுத்தை, சிவிங்கி போன்ற பெரும்பூனை ஒன்றின் அருகில் ஒரே நேரத்தில் ஐந்து வண்டிதான் நிற்கலாம். மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிஷத்தில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். இது எல்லா டிரைவருக்கும் தெரியும். ஆனால் ரேடியோவில் "டூமா" என்று ஒரு குரல் கேட்டுவிட்டால், அதாவது சிவிங்கி தென்பட்டுவிட்டால், அந்தப் பக்கத்து லேண்ட் குரூசர்கள் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பிவிடும். ஐந்தாவது வண்டிக்குப் பின்னால் ஒழுங்காகக் காத்திருக்கும் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் என்ன பேச்சு நடக்கும் தெரியுமா? "அவங்க வண்டி மட்டும் கிட்டப் போகுது, நம்ம ஆளு ஏன் இங்கேயே நிக்கிறாரு?" டிப்ஸ் அவர் வருமானத்தில் பெரிய பங்கு. அவர் என்ன செய்வார்?

நம் அவசரத்துக்கும் காரணம் உண்டு. 2024-இலிருந்து வெளிநாட்டவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். அந்தச் சீட்டு காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, பன்னிரண்டு மணி நேரம்தான். அவ்வளவு கொடுத்துவிட்டு வரிக்குதிரையைப் பார்த்துத் திருப்திப்பட யாருக்கும் மனசு வராது. சரி, புரிகிறது. ஆனால் அந்த அவசரத்தின் விலையைக் கொடுப்பது சிவிங்கி.

சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். சுற்றி எத்தனை வண்டி நின்றாலும் கொட்டாவி விட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். சிறுத்தைக்கு (லெபர்டு) பிடிக்கவில்லை என்றால் புதருக்குள் போய் மறைந்துவிடும். சிவிங்கிக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. அது பெரும்பாலும் பகலில், திறந்த வெளியில் வேட்டையாடும் விலங்கு. தாம்சன் மான் கூட்டத்தைக் குறிவைத்துப் புல்லுக்குள் தலையைத் தாழ்த்தி அடி அடியாக நெருங்கும். அந்த நேரத்தில் நல்ல படம் வேண்டும் என்று மானுக்கும் அதற்கும் நடுவில் நான்கு வண்டி புகுந்தால் மான் உஷாராகிவிடும், கதை முடிந்தது. அப்படியே ஓடிப் பிடித்தாலும் உடனே சாப்பிட முடியாது, மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். அதற்குள் கழுதைப்புலி வந்தால் இரையை விட்டுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். சண்டை போட்டுக் கால் ஒடிந்தால் அப்புறம் வேட்டையே கிடையாது. இதில் குட்டிகளை ஒற்றை ஆளாக வளர்ப்பது தாய்தான், ஒன்றரை வருஷம் போல.

இது ஏதோ கண்ணில் பட்டதை வைத்துச் சொல்வது இல்லை. ஃபெம்கே ப்ரூக்ஹவுஸ் என்ற ஆய்வாளர் மாராவின் தாய்ச் சிவிங்கிகளைச் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார். சுற்றுலாக் கூட்டம் குறைந்த பகுதியில் ஒரு தாய் ஒரு ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. கூட்டம் அதிகமான பகுதியில் 0.2. வண்டி மோதிக் குட்டிகள் செத்ததாக அவர் சொல்லவில்லை. வேட்டை கெடுவது, தாய் இடம் மாறுவது, பதற்றம் என்று கண்ணுக்குத் தெரியாத வழிகளில் இது நடக்கக்கூடும் என்கிறார். உலகம் முழுக்கக் காட்டில் மிஞ்சியிருக்கும் சிவிங்கிகளே ஏழாயிரத்தை ஒட்டித்தான்.

டிரைவர்தான் பிரச்சினை என்று இன்னமும் நினைப்பவர்கள் தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவைப் பாருங்கள். அங்கே நம் காரை நாமே ஓட்டிக்கொண்டு போகலாம், டிரைவரும் வேண்டாம், டிப்ஸும் வேண்டாம். ஸ்குகூசாவிலிருந்து லோயர் சபி வரை ஆற்றை ஒட்டிப் போகும் தார்ச்சாலையில் ஒரு சிறுத்தை மரத்தில் தெரிந்தால் அங்கேயும் டிராஃபிக் ஜாம்தான். எந்த விலங்கு எங்கே நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்ள 2011-இல் ஒரு பதினைந்து வயதுப் பையன் தொடங்கிய சேவை பெரிதாக வளர்ந்தது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலையில் ஆட்கள் பறக்கிறார்கள், விலங்குகள் அடிபடுகின்றன என்று 2016-இல் பூங்கா நிர்வாகமே இத்தகைய செயலிகளைக் கட்டுப்படுத்த வழி தேடுவதாகச் சொன்னது. அங்கே யாரைத் திட்டுவது?

மாராவைச் சுற்றியுள்ள கன்சர்வன்சி என்னும் தனிக் காப்பகங்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த் போன்றவை. மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார்கள், சுற்றுலாக் கூடாரங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஒரு விலங்கின் அருகில் சில வண்டிகளுக்கு மேல் விடுவதில்லை. இதில் சிங்கத்துக்கும் லாபம். சிங்கத்துக்கு ஆபத்து வண்டியிலிருந்து வருவதைவிட மாட்டுப் பட்டியிலிருந்து வருவதுதான் அதிகம். 2023 மே மாதம் கென்யாவிலேயே அம்போசெலி பூங்காவின் பக்கத்தில் லூன்கீடோ என்ற பத்தொன்பது வயதுச் சிங்கம் பட்டிக்குள் நுழைந்து மேய்ப்பர்களின் ஈட்டிக்கு இரையானது. மாடு வைத்திருப்பவர் கைக்குச் சிங்கத்தால் மாதாமாதம் பணம் வந்தால்தான் அந்த ஈட்டி கொஞ்சம் யோசிக்கும்.

ஆனால் கன்சர்வன்சியில் தங்குவதற்கு ஆகும் செலவு, கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்குவது போல. காசுள்ளவருக்கு நெரிசல் இல்லை. இது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது, ஆனாலும் முப்பது வண்டிக்கு இது எவ்வளவோ தேவலாம். அது கட்டுப்படியாகாதவர்கள் ஜனவரியிலிருந்து ஜூனுக்குள் போகலாம். கட்டணம் பாதி, 100 டாலர். வைல்டபீஸ்ட் என்ற பெரிய மான்களின் கூட்டம் ஆற்றைத் தாண்டும் காட்சிதான் இருக்காது. சிங்கமும் சிறுத்தையும் சிவிங்கியும் எங்கேயும் போய்விடுவதில்லை. ஏப்ரல், மே மட்டும் மழையில் சக்கரம் சேற்றில் மாட்டும்.

இன்னொன்று காசில்லாமல் செய்யக்கூடியது. முதல் நாள் காலையிலேயே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்: ஐந்து வண்டி நின்றால் நமக்கு வேண்டாம், வேட்டைக்குக் கிளம்பிய சிவிங்கியின் பின்னால் போக வேண்டாம், எதுவுமே கிடைக்காவிட்டாலும் டிப்ஸ் குறையாது. நான் சொன்னபோது எங்கள் டிரைவர் முதலில் நம்பவில்லை. அப்புறம் ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிட்டு, பூமிக்கு அடியில் ஊரும் பூச்சி புழுக்களை இரண்டு பெரிய காதுகளால் கேட்டுத் தோண்டித் தின்னும் வௌவால்காது நரியைக் காட்டினார். செக்ரட்டரி பறவை ஒன்று எதையோ காலால் மிதித்து மிதித்துக் கொன்றதை வெகுநேரம் பார்த்தோம். அன்று சிறுத்தை கிடைக்கவில்லை. வீட்டில் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.