நுங்கம்பாக்கத்தை வைத்து மணலி மழையைச் சொல்லாதீர்கள்

வடசென்னையில், கொடுங்கையூரில் எங்கள் வீடு தரைத்தளம். மழை வலுத்தால் முதலில் ஃப்ரிட்ஜைத் தூக்கிச் செங்கல் மேல் வைப்போம், அப்புறம் அரிசி மூட்டை, பையனின் புத்தகங்கள், கடைசியாக மோட்டார் சுவிட்ச். எல்லாவற்றுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகும், அதுவும் வீட்டில் இரண்டு பேர் இருந்தால்.

2025 ஆகஸ்ட் 30, சனிக்கிழமை ராத்திரி எங்களுக்கு அந்த முக்கால் மணி நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் பிள்ளையாரைக் கரைக்கப் போகிறார்கள் என்று தெருவே விழித்திருந்தது. காற்றே இல்லாத புழுக்கம், பத்து மணிக்கு மேல் இடி, அப்புறம் எதிர்வீடு தெரியாத மழை. காலையில் கணக்கு வந்தபோது பக்கத்து மணலியில் 27 செ.மீ. மழை. இது மேகவெடிப்பு என்று வானிலை மையமே சொன்னது. ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. கொட்டினால்தான் அந்தப் பெயர். ஒரு சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. என்பது 10 கோடி லிட்டர் தண்ணீர், 12,000 லிட்டர் லாரியில் எட்டாயிரம் லாரிக்கு மேல். அதை எந்தக் கால்வாய் வாங்கும்?

மறுநாள் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டது, "நேத்தே ஏன் சொல்லலை?" கோபம் நியாயமானது, ஆனால் அந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. வங்கக்கடலில் வரும் புயலை நாலு நாள் முன்னால் சொல்லலாம், அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம். இடிமழை அப்படி இல்லை. பகலெல்லாம் வெயில் காய்ந்து நிலம் சூடாகும், மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே நுழையும், ஆடி ஆவணியில் எதிரே மேற்குக் காற்றும் வரும். இரண்டும் முட்டுகிற இடத்தில் ஈரக்காற்று மேலே கிளம்பிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேகமாக நிற்கும். பெரும்பாலும் திருத்தணி, திருவள்ளூர் பக்கம் உருவாகி ராத்திரியில் நம்மை நோக்கி வரும். ஒரு மேகத்தின் ஆயுள் ஒரு மணி நேரம்தான், ஆனால் அது இறக்குகிற குளிர்காற்று பக்கத்திலேயே அடுத்த மேகத்தைக் கிளப்பிவிடும். மேலே காற்று பலமாக இருந்தால் மேகம் நகர்ந்து போய்விடும், இல்லையென்றால் ஒரே இடத்தில் நின்று கொட்டும். அது மணலியா மாதவரமா என்று முந்தின நாள் உலகத்தில் எந்தக் கணினியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த மேகம் கிளம்பிய பிறகு கண்ணால் பார்க்கலாம்! 2002-லிருந்து சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் மேல் டாப்ளர் ரேடார் இருக்கிறது, பள்ளிக்கரணையில் இன்னொன்று. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் கிடைக்கும். எந்த மேகம் வளர்கிறது, நகராமல் நிற்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். சில சமயம் ஒரு மணி நேரம் முன்னால், சில சமயம் அரை மணி நேரம்தான். அதுவே எங்களுக்குப் போதும். அந்தப் படத்தைப் பார்க்கத் தெரிந்தவரிடமிருந்து எங்கள் தெருவுக்குத் தகவல் வந்து சேருவதில்தான் கோளாறு. அன்றைக்கு என் போனுக்கும் ஒரு எச்சரிக்கை வந்தது, தண்ணீர் வாசற்படியைத் தாண்டின பிறகு. அதிலும் "சென்னை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில்" என்றுதான் இருந்தது. சென்னை மாவட்டம் 426 சதுர கிலோமீட்டர், மேகவெடிப்பு இருபது முப்பது சதுர கிலோமீட்டரில் முடிந்துவிடும். எந்த ஓரிரு இடம்?

இன்னொன்றும் ரொம்ப நாளாக உறுத்துகிறது. சென்னை மழை என்றால் செய்தியில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை நிலையங்களின் அளவைத்தான் முதலில் வாசிக்கிறார்கள். எண்ணூரும் திருவொற்றியூரும் பட்டாளமும் புளியந்தோப்பும் அந்த எண்ணுக்குள் இல்லை. மழை அளவும் காலை எட்டரையிலிருந்து மறுநாள் எட்டரை வரைக்குமான மொத்தம். 12 செ.மீ. நாள் முழுக்கப் பெய்தால் ஓட்டேரி நல்லா கால்வாய் எப்படியோ தாங்கும், அதே 12 செ.மீ. ஒன்றரை மணி நேரத்தில் விழுந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் வண்டி மிதக்கும். ஆக, எத்தனை நேரத்தில் விழுகிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

2024 அக்டோபர் 16-ஆம் தேதி சிவப்பு எச்சரிக்கை கொடுத்து மழை குறைந்தபோது எத்தனை பேர் கேலி செய்தார்கள்! வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரிப் பாலத்தில் கார் நிறுத்தியவர்களையும் சேர்த்துக் கேலி செய்தார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. கார் வைத்திருந்தவர் தன் சொத்தைக் காப்பாற்றிக்கொண்டார், அதில் என்ன தப்பு? அதற்கு மூன்று வருடம் முன்னால், 2021 டிசம்பர் 30-ஆம் தேதி, மழை கொட்ட ஆரம்பித்த பிறகுதான் சிவப்பு எச்சரிக்கை வந்தது, ஊரே நடுரோட்டில் நின்றது. நான் எந்தத் தப்பைப் பொறுத்துக்கொள்வேன் என்றால், எச்சரிக்கை பொய்த்த முதல் தப்பைத்தான்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். வார்டுக்கு ஒரு தானியங்கி மழைமானி, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதன் அளவு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. ரேடாரில் மேகம் மாதவரத்தைத் தொடும்போதே "மணலி, கொடுங்கையூர், வியாசர்பாடி, இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் கடும் மழை" என்று ஊர்ப் பெயர் சொல்லித் தமிழில் ஒரு செய்தி. போன் பார்க்காத பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னாலும் சரி. பத்துத் தடவை சொல்லி நாலு தடவை பொய்த்தாலும் பரவாயில்லை, அந்த நாலு தடவையும் ஃப்ரிட்ஜைத் தூக்கி வைத்து மறுபடி இறக்கிக்கொள்கிறோம்.