பீமா சகி: மாதச் சம்பளத்துடன் கூடிய அரசு வேலையா?

“பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்கு எல்ஐசியில் அரசு வேலை, மாதம் 7,000 ரூபாய் சம்பளம்” என்று வாட்ஸ்அப்பில் வலம்வரும் தகவல் தவறானது. 2024 டிசம்பர் 9 அன்று பானிபட்டில் பிரதமர் தொடங்கிவைத்த ‘பீமா சகி’ திட்டத்தையே அது இப்படித் திரித்துச் சொல்கிறது.

18 முதல் 70 வயது வரையிலான பெண்களை முகவர்களாக்கும் இத்திட்டத்தில், இந்த நியமனத்தைச் சம்பளம் பெறும் ஊழியர் நியமனமாகக் கருதக் கூடாது என்று எல்ஐசியே தன் விதிமுறையில் தெளிவாகக் கூறியுள்ளது. (70 வயது வரை சேரலாம் என்ற வரியைப் பார்த்த பிறகாவது இது அரசுப் பணி அல்ல என்று தோன்றியிருக்க வேண்டும்.) தகவலில் வரும் 7,000 ரூபாய் முதலாண்டுக்கான மாத உதவித்தொகை மட்டுமே; அது இரண்டாம் ஆண்டில் 6,000 ஆகவும் மூன்றாம் ஆண்டில் 5,000 ஆகவும் குறைந்து, அத்துடன் நின்றுவிடும். அந்தத் தொகையும் சும்மா கிடைப்பதில்லை: ஆண்டுக்கு 24 பேரைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பதோடு, முதலாண்டில் பிடித்த பாலிசிகளில் 65 விழுக்காடாவது பிரீமியம் தவறாமல் நடப்பில் இருந்தால்தான் இரண்டாம் ஆண்டுத் தொகை வரும். பாலிசி விற்பனைக்கான கமிஷன் தனி.

எல்ஐசியின் நிரந்தரப் பணிகளான உதவி நிர்வாக அலுவலர் போன்றவற்றுக்கு முறையான அறிவிக்கை வெளியாகி, போட்டித் தேர்வு வழியாகவே ஆள் எடுக்கப்படுகிறது.