மாவுப்பூச்சிக்கு நோட்டீஸ்

(மதுரையில் ஒரு மொட்டைமாடி. மாலை ஐந்தரை மணி. நீல நிற டிரம்மில் இடுப்புயர எலுமிச்சை மரம். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற மாமனார், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, பல் துலக்கும் பிரஷும் கையுமாக நிற்கிறார். புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்த மருமகள் அமுதா, காய்ந்த துணிகளை எடுக்க வருகிறாள்.)

மாமனார்: அமுதா, இங்கே வந்து பார். ஆக்கிரமிப்பு. அப்பட்டமான ஆக்கிரமிப்பு. பட்டா என் பெயரில், குடியிருப்பது இவர்கள்!

அமுதா: மாவுப்பூச்சி, மாமா. கிளைக் கவட்டில் வெள்ளையாக அப்பியிருக்கிறதே, அதுதான். மரத்தின் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்புத் தண்ணீராகக் கழிக்கும்.

மாமனார்: இலை பிசுபிசுக்கிறதே, அது அதுதானா? உன் அத்தை பாயசப் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றிவிட்டாள் என்று விசாரணையே நடத்தி முடித்துவிட்டேன்.

அமுதா: அத்தை மத்தியானத்திலிருந்து ஏன் பேசவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. அந்தப் பிசுபிசுப்பின் மேல்தான் கரும்பூசணம் படர்ந்து இலை கறுத்துப்போகிறது.

மாமனார்: எறும்புகள் வரிசையாக ஏறுகின்றனவே? பூச்சியைப் பிடிக்க வந்த பறக்கும் படை என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அமுதா: பிடிப்பதா! காவல் காக்கின்றன. அந்த இனிப்புத் தண்ணீரைக் குடிக்கத்தான் வருகின்றன. மாவுப்பூச்சியைத் தின்னப் பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டிவிடும்.

மாமனார்: ஓகோ, மாமூல் வாங்கிக்கொண்டு பாதுகாப்பு. எத்தனை பார்த்திருக்கிறேன்! (குரலைத் தாழ்த்தி) நேற்று நானே அவற்றுக்கு ஒரு பிடி ரவை போட்டேன்.

அமுதா: முதலில் எறும்பை நிறுத்த வேண்டும். அடிமரத்தில் துணிப்பட்டை சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். மரப்பட்டையில் நேராகத் தடவிவிடாதீர்கள். டிரம்மைச் சுவரிலிருந்து நகர்த்த வேண்டும். கிளையில் கொடிக்கயிறு கட்டியது யார்? கீழே வழியை அடைத்தால் கயிற்றில் நடந்து வந்துவிடுமே.

மாமனார்: என் வேட்டி காய வேண்டாமா? சரி, அவிழ்த்துவிடுகிறேன். ஆனால் வேப்பெண்ணெய் அடித்தும் ஒன்றும் நடக்கவில்லையே, அதற்கு என்ன சொல்கிறாய்?

அமுதா: எவ்வளவு கலந்தீர்கள்?

மாமனார்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை பாட்டில். கஞ்சத்தனம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அமுதா: ஐந்து மில்லி போதும், மாமா! அதையும் காதி சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கினால்தான் தண்ணீரோடு சேரும். எந்த நேரத்தில் அடித்தீர்கள்?

மாமனார்: உச்சி வெயிலில். மதிய இடைவேளையில் எல்லோரும் இருக்கையில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

அமுதா: இலை ஓரமெல்லாம் கருகியது அதனால்தான். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும்.

மாமனார்: அடிப்பக்கமா? கோப்பைத் திறக்காமலே கையெழுத்துப் போட்ட கை, அமுதா. மேலாக மட்டும் அடித்துவிட்டேன். அது இருக்கட்டும், இந்தத் தளிரைப் பார். வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து போகிறது. எல்லைத் தகராறு உள்ள நிலத்தின் சர்வே படம் இப்படித்தான் இருக்கும்.

அமுதா: அது இலைத் துளைப்பான். புழு இலையின் தோலுக்குள்ளேயே சுரங்கம் தோண்டிக்கொண்டு போகும். மேலே அடிப்பது உள்ளே சரியாக எட்டாது. நல்லவேளை, இளந்தளிரில்தான் வரும், முற்றிய இலைக்குப் போகாது. மரம் தாங்கிக்கொள்ளும். நீங்கள் யூரியாவைக் கொட்டி ஓயாமல் தளிர்க்க வைக்காமல் இருந்தால் போதும்.

மாமனார்: யூரியாவா? யார் போட்டது?

அமுதா: மாடிப்படி முழுவதும் சிந்திக் கிடக்கிறது.

மாமனார்: (பேச்சை மாற்றி) இதோ, கூட்டத்தின் தலைவன் அகப்பட்டான். இருப்பதிலேயே பெரிய மாவுப்பூச்சி. ஓடுகிறான் பார்! (பிரஷை ஓங்குகிறார்.)

அமுதா: ஐயோ, மாமா, நிறுத்துங்கள்! ஓடுகிறதென்றால் அது மாவுப்பூச்சியே இல்லை. மாவுப்பூச்சி நகர்வது கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இது பொறிவண்டின் புழு. உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளோடு, பார்க்க மாவுப்பூச்சியைப் போலவே இருந்துகொண்டு மாவுப்பூச்சியைத் தின்னும். பூர்வீகம் ஆஸ்திரேலியா. காபித் தோட்டத்துச் செதில் பூச்சியை ஒழிக்க 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

மாமனார்: 1898! பணிமூப்பில் என் தாத்தாவையே மிஞ்சிவிட்டாரே. (பிரஷை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறார்.) சீருடை இல்லாமல் வந்தால் நான் எப்படி அடையாளம் காண்பது?

அமுதா: இது இருக்கும் கிளையில் எதுவும் அடிக்காதீர்கள். மற்ற கிளைகளில் பிரஷைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்துவிடலாம். பழைய பிரஷ்தானே?

மாமனார்: இன்று காலை வரை உன் கணவனுடைய புது பிரஷ்.

அமுதா: நல்லது, அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. எலுமிச்சை என்றால் வண்ணத்துப்பூச்சிப் புழு இல்லாமல் இருக்காதே. சின்னதில் பறவை எச்சம் போல இலைமேல் கிடக்கும், வளர்ந்தால் பச்சை. தொட்டால் ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும்.

மாமனார்: (நெஞ்சை நிமிர்த்தி) ஆறேழு பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்தே கொம்பை நீட்டினார்கள். கொல்ல மனம் வரவில்லை. பணியிட மாற்றம் செய்துவிட்டேன்.

அமுதா: எங்கே?

மாமனார்: அடுத்த மாடிக் கறிவேப்பிலைக்கு. கைப்பிடிச் சுவரில் கையை நீட்டினால் எட்டுகிறது. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பமாமே. போன அன்றே பொறுப்பேற்றுக்கொண்டார்கள்.

அமுதா: அதுதானே பார்த்தேன்! பக்கத்து வீட்டு அக்கா இன்றைக்கு வெறும் காம்பாகக் கொடுத்தார்கள். அதற்கும் மன்னிப்பு வேறு கேட்டார்கள்.

மாமனார்: கறிவேப்பிலை எதற்கு இப்போது?

அமுதா: ராத்திரி தோசைக்குக் கறிவேப்பிலைத் துவையல்தான் வேண்டும் என்று காலையில் சொன்னது யார்?

(மாமனார் கைப்பிடிச் சுவரருகே போய் எட்டிப் பார்க்கிறார். இருட்டத் தொடங்கியிருக்கிறது.)

மாமனார்: உத்தரவை ரத்து செய்ய முடியுமா பார்க்கிறேன். நீ சத்தம் போடாமல் டார்ச்சை எடுத்து வா.