பூட்டிவைத்துவிட்டு ஆள் வரவில்லையாம்

எங்கள் உள்ளூராட்சி சபையின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் வீடியோவைப் பெரும்பாலும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் இதற்குள் யாராவது வைபரில் அனுப்பியிருப்பார்கள். அதனால் நடந்ததைத் திரும்ப எழுதப்போவதில்லை. திருகோணமலையில் எங்கள் வாசிகசாலைக் கட்டிடம் நீண்டகாலக் குத்தகைக்குப் போகிறது, பழைய கட்டிடத்தின் மறுபயன்பாடு என்று அங்கே உல்லாசப் பயணிகளுக்கு ஒரு கோப்பிக் கடை வரப்போகிறது, அவ்வளவுதான். சபையின் பெயரையும் கௌரவ உறுப்பினரின் பெயரையும் நான் எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு எரிச்சல் வந்தது குத்தகையில்கூட இல்லை. அந்த ஒரு வசனத்தில்தான். "வருஷக்கணக்கா ஒருத்தருமே பாவிக்காத கட்டிடம்தானே." கௌரவ உறுப்பினர் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரிக்கிறார்கள்.

ஒருவருமே பாவிக்கவில்லை. சரி. ஏன் பாவிக்கவில்லை?

முதலில் பேப்பர் நின்றது. கடைக்காரருக்குக் கட்டவேண்டிய காசு மாதக்கணக்கில் நிலுவை. அவரும் பாவம், எவ்வளவு காலத்துக்குக் கடனுக்குப் போடுவார்? அப்புறம் வாசிகசாலையைத் திறந்து பூட்டிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு ஆள் போடவில்லை, ஆளணி அனுமதி இல்லையாம். பக்கத்து வீட்டு அண்ணர் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சக்காலம் பின்னேரங்களில் திறந்துவிட்டார். அவருக்கும் ஏலாமல் போனது. லைட் எரியவில்லை, யாரும் மாற்றவில்லை. கரண்ட் பில் கட்டவில்லை, வயரை வெட்டிவிட்டுப் போனார்கள். மாரி மழைக்கு ஓடு விலகி, உலகப் படம் ஒட்டியிருந்த சுவர் ஊறிக் கறுத்துப்போனது. கடைசியாகக் கேற்றில் சங்கிலி. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு ஒருவர் வந்து எட்டிப்பார்த்து, ஒருத்தரும் வாறதில்லையே என்கிறார். சங்கிலி போட்டது யார் ஐயா? நாங்களா?

மாட்டுக்கு வைக்கோல் போடாமல் கட்டிவைத்துவிட்டுப் பால் தரவில்லை என்று விற்கிற கதை இது.

உத்தியோக காலம் முழுவதும் கோப்புகளுக்குள் கிடந்தவள் நான். ஒரு கட்டிடத்தைக் காகிதத்தில் எப்படிச் சாகடிப்பது என்று எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பராமரிப்புக்கென்று ஒரு தொகையை ஒதுக்குவார்கள், செலவழிக்க மாட்டார்கள். வருடக் கடைசியில் அது செலவாகாத காசு என்று கணக்கில் வரும். செலவாகாத தலைப்புக்கு அடுத்த பாதீட்டில் எதற்குக் காசு என்று குறைப்பார்கள். அதற்கடுத்த வருடம் அந்தத் தலைப்பே இருக்காது. வாசிகசாலையை மூடுவோம் என்று யாரும் தீர்மானம் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். தீர்மானம் என்றால் யாராவது எழும்பி எதிர்த்துக் கதைப்பார்கள், கூட்டக் குறிப்பில் பெயர் பதிவாகும். இப்படிச் செய்தால் ஒருவருக்கும் பொறுப்பில்லை. கட்டிடம் தானாகவே செத்ததாகக் கணக்கு.

கட்டுவதற்கு மட்டும் எங்கிருந்தாவது காசு வந்துவிடும், கவனித்தீர்களா? 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் எத்தனை மண்டபம், எத்தனை நிலையம் எழும்பின. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கல், தங்க எழுத்து, திறந்துவைத்தவர் பெயர், நாள், நேரம். பல்ப் மாற்றுகிறவருக்கு எந்தக் கல்லிலும் இடமில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் ஊர் வேலைகளுக்கென்று தனக்கு ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் கூரை போட்டுத் தருவார், கூரைக்கு முன்னால் அவர் படம் போட்ட பதாகை கட்டலாம். பேப்பர்க் காசு கட்டியதற்குப் பதாகை கட்டினால் ஊர் சிரிக்கும். அதனால்தான் கூரைக்குக் காசு உண்டு, பேப்பருக்கு இல்லை.

நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று சிலருக்கு விளங்காது. சொல்கிறேன்.

90களின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் பேப்பர் வாங்க வசதியில்லை. வாசிகசாலையில் ஒரு ஐயா இருந்தார். கொழும்புப் பேப்பர் மத்தியானத்துக்கு மேல்தான் வந்து சேரும், பாதை பூட்டினால் இரண்டு நாள் பேப்பர் ஒன்றாக வரும். வந்ததும் வீரகேசரியையும் தினகரனையும் தாள் தாளாகப் பிரிப்பார். விளையாட்டுப் பக்கம் வாசலில் நிற்கிற பெடியன்களுக்கு. நடுப்பக்கம் பென்சன் மாஸ்டர்மாருக்கு. யன்னலோர வாங்கு பெண் பிள்ளைகளுக்கு, அங்கே வேறு யாரும் போய் இருந்தால் இருமுவார். அந்த இருமலை நம்பித்தான் எங்கள் அம்மா என்னைத் தனியே அனுப்பினா.

வெள்ளிக்கிழமை வரும் அரசாங்க வர்த்தமானியை மட்டும் மேசையில் விடமாட்டார். விட்டால் வேலை விளம்பரத்தை யாராவது பிளேட்டால் வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அது அவருடைய லாச்சிக்குள்தான் கிடக்கும். கேட்டால் எடுத்துத் தருவார், நாங்கள் விண்ணப்பப் படிவத்தைப் பார்த்து எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். என்னுடைய நியமனத்துக்கான படிவத்தை அப்படித்தான் பார்த்துப் பார்த்து வெள்ளைத் தாளில் எழுதினேன். கட்டம் கீற அடிமட்டமும் அவரே தந்தார். "நேராக் கீறு பிள்ளை, கோணலாக் கிடந்தால் கொழும்பில தூக்கிக் குப்பையில போட்டிடுவாங்கள்" என்றார். அந்த உத்தியோகத்தின் பென்சனில்தான் இந்த ஃபோனுக்கு டேட்டா போட்டு இதை எழுதுகிறேன்.

ஆக, ஒருவருமே பாவிக்காத கட்டிடம்.

இனிக் கொமென்டில் என்ன வரும் என்று தெரியும். வந்தும்விட்டது, நேற்று நான் போட்ட நாலு வரிக்கே.

"இப்ப வர்த்தமானி இன்டர்நெட்டில வருது அன்ரி, பழைய காலத்திலயே இருக்காதேங்கோ." வருகிறதுதான் தம்பி, நானும் பார்க்கிறேன். ஆனால் அந்த வீதியில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு ஃபோன் இருக்கிற வீடுகளை நான் காட்டுகிறேன், வாரும். 2020இல் பள்ளிக்கூடங்களைப் பூட்டி ஒன்லைன் வகுப்பு என்றபோது தகப்பன் வேலை முடிந்து ஃபோனோடு வரும்வரை பாடத்துக்குக் காத்திருந்த பிள்ளைகள் அவர்கள். அந்தக் கட்டிடத்தில் ஒரு ரவுட்டரும் இரண்டு கணினியும் ஒரு பிரிண்டரும் வைத்திருந்தால் அதுவும் மறுபயன்பாடுதானே? அந்த யோசனை ஏன் ஒருவருக்கும் வரவில்லை? கோப்பி மட்டும் எப்படி உடனே ஞாபகத்துக்கு வருகிறது?

இன்னொருவர் கொழும்பு டச்சு ஆஸ்பத்திரியின் படத்தைப் போட்டு, "இதைப் பார்த்துப் படியுங்கோ" என்று எழுதியிருக்கிறார். பார்த்திருக்கிறேன், அழகாகத்தான் இருக்கிறது. 2011இல் புதுக்கித் திறந்தார்கள். ஆனால் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பிவிட்டா கடை போட்டார்கள்? பழைய கட்டிடத்தை வேறு வேலைக்கு எடுக்கக்கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? இங்கேயே உட்துறைமுக வீதியில் ஒல்லாந்தர் காலத்துக் கட்டிடம் ஒன்று கடற்படை அருங்காட்சியகமாக இருக்கிறது. நல்ல வேலை, நானே பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். சனங்களுடைய இடம் சனங்களுடைய இடமாகவே இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

சரி, மறுபயன்பாட்டில் எங்கள் ஊருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 1620களிலேயே பார்த்தாயிற்று. போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கல்லை எடுத்துத்தான் கோட்டை கட்டினார்கள். இப்போது பிரட்றிக் கோட்டை என்கிற அதன் வாசலில் இன்றைக்கும் கயல் சின்னமும் உடைந்த கல்வெட்டும் நிற்கின்றன, கோவில் இருக்கிற சுவாமி மலைக்குப் போகிற எல்லோரும் அதைத் தாண்டித்தான் போகிறோம். ஒரு வித்தியாசம், "ஒருத்தரும் கும்பிடாத கோவில்தானே" என்று பறங்கி சொன்னதாக எங்கேயும் நான் படித்ததில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், இருக்கட்டும். அழிக்கவில்லை.

அடுத்தது காசு. "சபைக்கு வருமானம் வேண்டாமா அக்கா?" வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆதன வரி ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்கே தெரியும். நீதிமன்றத் தண்டப்பணமும் முத்திரைத் தீர்வையும் மாகாணத்தின் ஊடாக வரவேண்டும், அது எப்போது வந்து சேரும் என்று பத்திரகாளி அம்மனுக்குத்தான் வெளிச்சம். மாகாண சபையே 2017 செப்டெம்பரோடு கலைந்தது, இன்றுவரை தேர்தல் இல்லை. உள்ளூராட்சிக்கும் 2018இல் தெரிவானவர்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, தேர்தலைத் தள்ளித் தள்ளி 2025 மே மாதம்தான் வைத்தார்கள். இடையில் அதிகாரிகள்தான் நடத்தினார்கள். ஆக முன்னுக்கு இருந்தவர்களின் பிழையை இப்போது வந்தவர்களின் தலையில் கட்டுவது நியாயமில்லை என்றால், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் சிரித்தது முன்னுக்கு இருந்தவர்கள் இல்லையே. அதே வீடியோவைக் கடைசிவரை பாருங்கள். வரவேற்பு வளைவுக்குப் புதிதாக வர்ணம் பூசக் காசு ஒதுக்கிக் கைதட்டினார்கள். வளைவுக்கு இருக்கிற காசு வாங்குக்கு இல்லை. காசில்லை என்றால் எல்லாவற்றுக்கும் இல்லாமல் இருக்கவேண்டும், அல்லவா?

கடை வந்தால் பெடியன்களுக்கு வேலை வரும் என்கிறார்கள். வரட்டும். எந்த மாதத்தில்? எங்கள் பக்கம் சீசன் மே தொடங்கி செப்டெம்பர் மட்டும். வெள்ளைக்காரர்கள் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் போவார்கள், புறாமலைக்குப் போவார்கள், மீன் பார்ப்பார்கள். எங்கள் ஒழுங்கைக்குள் எதற்கு வரப்போகிறார்கள்? வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்தால் கார்த்திகை மார்கழியில் அந்தக் கோப்பியை யார் குடிப்பது, சிரித்த உறுப்பினரா? குத்தகைக்காரர் இரண்டு மாரி பார்ப்பார், வாடகையை நிலுவையில் போடுவார், கதிரை மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் மறுபடியும் கேற்றில் சங்கிலி. மறுபடியும் ஒருவர் வந்து எட்டிப்பார்ப்பார்.

இதையெல்லாம் எழுதினால் நான் எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள். ஒருவர் எனக்கு ஏதோ பதவி கேட்டுக் கிடைக்கவில்லையாம் என்று எழுதியிருக்கிறார். ரிட்டயர் ஆனவளுக்கு வீட்டில் வேலையில்லை என்று இன்னொருவர். வேலை இருக்கிறது தம்பி. காலையில் மீன் வாங்கவேண்டும், பேத்தியை ரியூசனுக்கு விடவேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் எழுதுவதால்தான் எழுத்துப்பிழை. அதையும் ஒருவர் திருத்தியிருக்கிறார், நன்றி. கட்டிடத்தைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் எழுதவில்லை.

எனக்கு உண்மையில் வலித்தது அது இல்லை. செவ்வாய்க்கிழமை அந்த மண்டபத்தில் பின்வரிசையில் இருந்தவர்களில் என்னோடு அதே வாங்கில் இருந்து படித்தவர்களும் உண்டு. வீடியோவில் முகம் தெரிகிறது. ஐயாவின் அடிமட்டத்தால் கட்டம் கீறியவர்கள். இன்றைக்கு நல்ல நல்ல இடத்தில் இருக்கிறார்கள். ஒருவராவது எழும்பி, "நாங்கள் பாவித்தோம்" என்று சொல்லக்கூடாதா? ஒரு வசனம். யாரும் வேலையை விட்டுத் தூக்கப்போவதில்லை. ஃபோனைத் தட்டிக்கொண்டு இருந்தார்கள். இரவு எனக்குத் தனியாக மெசேஜ் வருகிறது, "நீ சொல்றது சரிதான், ஆனா பொதுவில கதைக்க ஏலாது" என்று. பொது வாசிகசாலையில் படித்துவிட்டுப் பொதுவில் கதைக்க ஏலாதாம்.

வெளிநாட்டில் இருந்து இதயம் போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததை ஒவ்வொரு ஜூன் முதலாம் திகதியும் பதிவு போட்டு அழுகிறோம். அழத்தான் வேண்டும், 97,000 புத்தகம். இந்த வருடம் நான் போட்ட பதிவுக்குக் கண்ணீர்க் குறி போட்டவர்களின் பட்டியலைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை சிரித்தவரின் பெயரும் அதில் கிடக்கிறது.

தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் ஒன்று கொடுத்திருக்கிறேன். கடைசி ஐந்து வருடத்தில் அந்த வாசிகசாலைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், பேப்பருக்கு எவ்வளவு, ஆளணி வெற்றிடத்தை நிரப்பக் கேட்டு எழுதிய கடிதம் ஏதாவது இருக்கிறதா, இவ்வளவுதான் கேள்வி. சட்டப்படி 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். பதில் வந்தால் அப்படியே இங்கே போடுகிறேன். நான் சொன்னது பிழை என்று அதில் தெரிந்தால் அதையும் போடுகிறேன், பயப்படவேண்டாம்.

குத்தகைக்கான ரெண்டர் அறிவித்தல் ஏதாவது பேப்பரில் வரும். கண்டவர்கள் ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். எங்கள் பக்கத்தில் பேப்பர் பார்க்க இடமில்லை.