கூரை சோலாரும் ஏற்காட்டுக் கம்பியும்

மின்வாரியத்தின் ஆண்டுக் கணக்கில் கூரை சோலார் இணைப்புகள் கூடியிருப்பதை உங்கள் கட்டுரையில் பாராட்டியிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் லைனில் கரன்ட் போனால் பேனல் மின்சாரத்தை லைனோடு சேர்க்கும் சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஏற்காட்டில் காபித் தோட்டத்து சில்வர் ஓக் கிளை கம்பியில் உரசி ஃபீடர் (ஊருக்குக் கரன்ட் கொண்டுவரும் லைன்) ட்ரிப் ஆனால், நல்ல வெயிலிலும் 3 கிலோவாட் பேனல் சும்மா கிடக்கும். உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் போனால் ஏறக்குறைய 2 யூனிட் நஷ்டம். கிளை வெட்டுவதோடு, திறந்த கம்பிக்குப் பதில் உறை போட்ட முறுக்குக் கேபிள் எத்தனை கிலோமீட்டர் இழுத்தார்கள் என்பதும் அந்தக் கணக்கில் வரவேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கும் வீடுகளில் மதியம் பேனல் கரன்ட்டை லைனுக்குத் தள்ளும்போது வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டர் கட்டாவதும் உண்டு. பழி என்னவோ பேனலுக்கு! பல இடங்களில் குறை மெல்லிய சர்வீஸ் ஒயரில், லூஸான ஜாயின்ட்டில். 12 மணிக்கு இன்வெர்ட்டர் திரையைப் பாருங்கள். 250 வோல்ட்டைத் தாண்டினால் மீட்டர் முதல் கம்பம் வரை சோதிக்கச் சொல்லுங்கள்.