ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் கருத்தைக் கடைசிவரை ஒளிக்க வேண்டாம்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில், ரைட்டிங் (எழுத்து) பகுதியின் இரண்டாம் கேள்வியான கட்டுரைக்கு இரண்டு தரப்பு வாதங்களையும் சமமாக எழுதி, சொந்தக் கருத்தை முடிவுரையில் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு, தயவுசெய்து அதை நம்பி எழுதாதீர்கள். ‘எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்?’ என்று கேட்டால் ஒரே தரப்பில் நின்று முழுவதும் எழுதலாம். ‘இரு தரப்பையும் விவாதித்து உங்கள் கருத்தையும் கூறுக’ என்றால்தான் இரண்டும் கட்டாயம்.

நகர மையத்தில் கார்களைத் தடை செய்யலாமா என்று கேள்வி வந்தால், முன்னுரையிலேயே ‘செய்யலாம், ஆனால் பேருந்து வசதி முதலில் வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரு பத்தி முழுக்கப் புகை, அடுத்தது முழுக்கப் பேருந்து. உங்கள் நிலைப்பாடு தெளிவாகத் தெரிகிறதா என்றும் திருத்துபவர் பார்ப்பார். 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொற்கள் வேண்டும், சரி. ஆனால் ஐந்து பத்தி என்று எந்த விதியும் இல்லை.