ஆற்றுக்கு இடம் விட வேண்டியவர்கள் யார்?

கூவமும் அடையாறும் தடையின்றி ஓட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு வந்ததைக் கண்ணால் பார்த்த எவரும் ஆற்றுக்கு இடம் தேவையில்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆற்றை மீட்பதற்காகக் கரையோர ஏழைகளின் வீடுகளை இடித்து, அவர்களை வேறு இடங்களுக்கு அனுப்புகிறார்கள். அந்த இடத்தை யாரிடமிருந்து பறிக்கிறோம் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை, அடையாற்றின் மேலேயே பாலம் கட்டி நீட்டப்பட்டது. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டிருக்கின்றன. இவற்றை வளர்ச்சித் திட்டம் என்கிறோம். தலைமுறை தலைமுறையாகக் கரையில் குடியிருந்தவர்களை மட்டும் ஆக்கிரமிப்பாளர்கள் என்கிறோம்.

வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி அவர்களை அனுப்பிய இடங்களுள் ஒன்றான பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. தென்சென்னையின் மழைநீரை வாங்கி ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாக வெளியேற்றும் அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. மறு ஆண்டே மிக்ஜாம் புயலில் பெரும்பாக்கம் வெள்ளத்தில் நின்றது. ஓர் ஆற்றின் கரையை மீட்பதற்காக ஏழைகளை இன்னொரு நீர்நிலையின் ஓரத்தில் குடியேற்றுவதை எப்படிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று ஏற்பது?

எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவர் முன்பு பத்து நிமிடம் நடந்து வேலைக்கு வருவார். இப்போது விடியும் முன்பே பெரும்பாக்கத்தில் கிளம்பி, இரண்டு பேருந்து மாறி வருகிறார். மூன்று வீட்டு வேலை ஒன்றாகக் குறைந்துவிட்டது. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் வீட்டை இடித்ததால் மகள் இரண்டு தேர்வுகளை எழுதவில்லை.

குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டபோது, குடியிருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவதே அதன் முதன்மையான வழியாக இருந்தது. நொச்சிக்குப்பத்து மக்களுக்குக் கடலோரத்திலேயே வீடு கிடைத்தது. 2021இல் வாரியத்தின் பெயரில் 'வாழ்விட மேம்பாடு' என்ற சொற்கள் சேர்ந்தன. அந்தச் சொற்களுக்குப் பொருள் இருக்குமானால், ஆற்றங்கரையை விட்டு எழச் சொல்லும் குடும்பத்துக்கு அதே வட்டாரத்தில், பிள்ளையின் பள்ளிக்கும் தாயின் வேலைக்கும் நடந்து போகும் தொலைவில் முதலில் வீடு தர வேண்டும். அதன் பிறகே புல்டோசர் வர வேண்டும்.

கணக்கெடுக்க வந்தவர்கள் அக்கா வீட்டுக் கதவில் நீலச் சாயத்தில் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இடித்த அன்று அந்தக் கதவைக் கழற்றிக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போனார். பெரும்பாக்கத்து வீட்டில் அது சுவரோரம் சாத்தியபடி நிற்கிறது, எண் இன்னும் அழியவில்லை.